குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஜப்பான்: கோயில், அரண்மனை, சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 9 வரை நாங்கள் ஐந்து பேர் ஜப்பானில் இருந்தோம். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 69 வயது அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். முதல் வாரம் டோக்கியோ, அடுத்த வாரம் கியோட்டோ. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

செர்ரிப் பூக்கும் காலத்தை விட்டுவிட்டு ஏன் குளிர்காலத்தில் போனீர்கள்?

முதல் காரணம் அரையாண்டு விடுமுறை. ஆனால் போய்ப் பார்த்தபின், வசந்தத்தில் போகாததில் எனக்கு வருத்தமே இல்லை. டோக்கியோ, கியோட்டோ பக்கம் குளிர்காலம் பெரும்பாலும் மழையில்லாத, வானம் துடைத்துவிட்டது போன்ற காலம். ஃபூஜி மலை தெரிவதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் வலப்பக்கம் இரண்டிரண்டாக இருக்கை இருக்கும் வரிசையில் பதிவு செய்யுங்கள். ஏறி முக்கால் மணி நேரத்தில் ஜன்னல் முழுக்க மலைதான்.

குறை ஒன்று உண்டு. பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கு முன்பே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது, பல விகாரைகள் நாலு, நாலரைக்கே கதவைச் சாத்திவிடுகின்றன. காலை எட்டுக்குள் வெளியே இறங்காவிட்டால் அன்றைக்கு ஒரே ஒரு இடம்தான்.

குளிர் தாங்குமா? குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்களே?

ஜனவரியில் கியோட்டோவில் பகலில் 9 டிகிரி, இரவில் ஒன்றிரண்டு டிகிரி. வெளியில் நடக்கும்போது இது பெரிய தொந்தரவே இல்லை. குளிர் கடிப்பது உள்ளேதான்! பழைய கோயிலிலும் அரண்மனையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடேற்றாத மரத்தரையில் நடக்கவேண்டும். அந்தத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். நாலு ஸ்வெட்டர் வாங்குவதைவிட நல்ல கம்பளிக் காலுறை நாலு ஜோடி வாங்குங்கள். ஓட்டையில்லாமல் இருக்கட்டும், ஊரே பார்க்கும். காலணியும் குனியாமல் மாட்டிக் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கழற்றினோம்.

கைரோ என்று சிறு சூட்டுப் பைகள் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். பிரித்து உதறினால் பல மணி நேரம் சூடாக இருக்கும். அம்மா அதை முழங்காலுக்கு மேல் துணியோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார்.

புத்தாண்டுச் சமயத்தில் எல்லாம் மூடியிருக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்கள், சிறு உணவகங்கள், சந்தைகள் பலவும் மூடியிருக்கும். கியோட்டோ அரண்மனைக்கு டிசம்பர் 28 முதல் ஜனவரி 4 வரை விடுமுறை. அதைப் பார்க்காமல் நான் முதலில் டிசம்பர் 30 அன்று கியோட்டோ அரண்மனை என்று திட்டம் போட்டிருந்தேன். மகள்தான் இணையத்தில் பார்த்துச் சொன்னாள். உடனே பயணத்தைத் தலைகீழாக்கி, டோக்கியோவை முன்னால் வைத்தோம்.

கோயில்கள் நேர் எதிர். டிசம்பர் 31 இரவு புத்த விகாரைகளில் 108 முறை மணி அடிப்பார்கள், மனிதனின் 108 ஆசைகளைக் கழிக்க. அடுத்த மூன்று நாளும் நாடே ஆண்டின் முதல் வழிபாட்டுக்குக் கிளம்பிவிடும். ஹட்சுமோதே என்று பெயர். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ கோயிலுக்கு மட்டும் அந்த மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வருவார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை புதிதல்ல. ஆனால் அத்தனை பேரும் தள்ளாமல் கொள்ளாமல் போலீஸ்காரர் பலகையைத் தூக்கினால் நின்று, இறக்கினால் நகர்ந்தது புதிது. சிறு பிள்ளைகள் இருந்தால் ஜனவரி 1 அன்று பெரிய கோயிலைத் தவிர்த்து, தங்குமிடத்துக்குப் பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

டோக்கியோ அரண்மனைக்குள் போகமுடியுமா?

பேரரசர் வாழும் இடம் அது, சாதாரண நாளில் அரண்மனை முற்றம் வரை நினைத்தபோது போகமுடியாது. ஆண்டில் இரண்டு நாள் மட்டும், ஜனவரி 2 அன்றும் பேரரசரின் பிறந்தநாளான பிப்ரவரி 23 அன்றும், நுழைவுச்சீட்டே இல்லாமல் யாரையும் விடுகிறார்கள். பையைச் சோதித்து, கையில் சிறு காகிதக் கொடி கொடுத்து, வரிசையாக உள்ளே அனுப்புவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அரச குடும்பம் வந்து நின்று கையசைக்கும், பேரரசர் சுருக்கமாக வாழ்த்துச் சொல்வார், முடிந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றதற்கு ஐந்து நிமிடக் காட்சி. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. மகன், "ராஜா ஏன் கிரீடம் போடலை?" என்று கேட்டுவிட்டு அத்தோடு ஆர்வம் இழந்தான்.

அந்த இடம் ஒரு காலத்தில் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டை, பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான தோகுகாவா ஷோகன்களின் இருக்கை. 1657 தீயில் எரிந்த பெரிய கோபுரத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. அதன் கல் அடித்தளம் கிழக்குத் தோட்டத்தில் நிற்கிறது. தோட்டமும் டிசம்பர் 28 முதல் ஜனவரி 3 வரை மூடல், அதனால் எங்களால் பார்க்கமுடியவில்லை.

கியோட்டோவில் இரண்டு அரண்மனை இருக்கிறதாமே. ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் எது?

பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் நிஜோ கோட்டை.

கோஷோ எனப்படும் பேரரசர் அரண்மனைக்குக் கட்டணம் கிடையாது, இப்போது முன்பதிவும் வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை. 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கியோட்டோதான் தலைநகரம் என்றாலும், இன்று நிற்கும் கட்டடங்கள் 1855இல் எழுந்தவை. முன்பிருந்ததை முந்தைய ஆண்டுத் தீ கொண்டுபோய்விட்டது. சைப்ரஸ் மரப்பட்டையை அடுக்கடுக்காகப் போட்ட கூரை, வெள்ளைக் கூழாங்கல் முற்றம், நடுவில் ஷிஷின்தென் மண்டபம். 1915இலும் 1928இலும் முடிசூட்டு விழா அங்கேதான் நடந்தது. ஆனால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகமுடியாது, வெளியே நின்று பார்ப்பதுதான். அழகு இருக்கிறது, விஸ்தாரம் இருக்கிறது. ஆறு வயதுப் பையனுக்குக் கூழாங்கல்தான் இருக்கிறது.

நிஜோ வேறு மாதிரி. 1603இல் தோகுகாவா குடும்பத்தின் முதல் ஷோகன் இயேயாசு கட்டியது. பேரரசர் ஊரில் தன் ஆட்களோடு தங்க ஷோகனுக்கு ஒரு மாளிகை என்று சொல்லிக்கொண்டாலும், "உண்மையில் ஆள்பவன் நான்" என்று காட்டத்தான் என்பது உள்ளே நுழைந்ததுமே புரிந்துவிடும். தங்கப் பின்னணியில் பெரிய பைன் மரங்கள், புலிகள், சிறுத்தைகள். அந்தக் காலத்து ஜப்பானிய ஓவியர்கள் உயிருள்ள புலியைப் பார்த்ததில்லை, தோலையும் பிற ஓவியங்களையும் வைத்துத்தான் வரைந்தார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியும், கொஞ்சம் பூனைக்களை.

நடைபாதையில் கால் வைத்தால் தரை கீச்சுக் கீச்சென்று பாடும். பலகைக்கு அடியில் உள்ள இரும்புப் பிடியும் ஆணியும் உரசும் சத்தம் அது. இரவில் திருட்டுத்தனமாக வருபவனைக் காட்டிக்கொடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பது பிரபலமான கதை. காலத்தால் ஆணி தளர்ந்ததால் வந்த சத்தம்தான், திட்டமிட்டதில்லை என்ற விளக்கமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. இதை மகனிடம் சொல்லவில்லை. சத்தம் வராமல் நடக்க அவன் அரை மணி நேரம் முயன்றான், நாங்கள் நிதானமாக ஓவியம் பார்த்தோம்.

1867இல் கடைசி ஷோகன் தோகுகாவா யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தருவதாகப் பிரபுக்களிடம் அறிவித்ததும் இதே மாளிகையில். தொடங்கிய குடும்பமே முடித்துவைத்த இடம். ஜனவரியில் செவ்வாய்க்கிழமை மாளிகை மூடியிருக்கும், கவனம். உள்ளே படம் எடுக்கக்கூடாது.

காட்சுரா தோட்ட மாளிகையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அதனால் விட்டுவிட்டோம்.

எல்லாமே "கோயில்" என்றுதான் எழுதுகிறார்கள். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசலில் தோரி என்ற இரு கால், இரு குறுக்குச் சட்டம் கொண்ட வளைவு இருந்தால் அது ஜின்ஜா, ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோ தெய்வத்தின் இடம். புத்தர் சிலையும் ஊதுவத்திப் புகையும் இருந்தால் தெரா, விகாரை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இரண்டும் பின்னிப் பிணைந்தே இருந்தன. 1868இல் மெய்ஜி அரசு சட்டம் போட்டுப் பிரித்தது. இன்றும் பல இடங்களில் ஒன்றின் வளாகத்துக்குள் மற்றதைப் பார்க்கலாம்.

ஜின்ஜாவில் முதலில் தண்ணீர்த் தொட்டியில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, வாயைக் கொப்பளிக்கவேண்டும். கரண்டியை நேரே வாயில் வைக்காமல் உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு காணிக்கை போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனியவேண்டும். விகாரையில் கைதட்டக்கூடாது, நாம் கும்பிடுவது போலக் கைகூப்பினால் போதும். காணிக்கைக்கு 5 யென் நாணயம் விசேஷம். "கோ-என்" என்று சொல்லும்போது "பந்தம்" என்ற சொல்லும் அதே ஒலியில் வருவதால்.

நம் சாமிகள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. எங்கள் பயணத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தது சான்ஜூசன்கென்தோவில்தான். கியோட்டோவில், 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம். 1164இல் கட்டி, எரிந்து, 1266இல் திரும்பக் கட்டியது. உள்ளே ஆளுயரத்தில் பொன் பூசிய ஆயிரம் கன்னோன் சிலைகள், நடுவில் பெரிதாக ஒன்று. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. கன்னோன் நமது அவலோகிதேஸ்வரர். காவலர்களில் தைஷாக்குதென் இந்திரன், போன்தென் பிரம்மா, நாராயென் நாராயணன். கருரா என்று ஒருவர், இறக்கையோடும் அலகோடும் நின்று புல்லாங்குழல் வாசிக்கிறார். "கருடனா? குழல் எப்போது பழகினான்?" என்றார் அம்மா.

சரஸ்வதி அங்கே பென்ஸைதென். கையில் வீணைக்குப் பதில் பீவா, பெரும்பாலும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் குடியிருப்பாள். கிச்சிஜோதென் லட்சுமி. பிள்ளையார் காங்கிதென். அவரை வெளியே காட்டமாட்டார்கள், பெட்டிக்குள் மறைவாகத்தான் இருப்பார். டோக்கியோ அசாகுசாவில் மட்சுசியாமா ஷோதென் என்ற அவரது கோயிலில் படைப்பது கொழுக்கட்டை அல்ல, முள்ளங்கி! வாசலில் விற்கிறார்கள். அம்மாவும் ஒன்று வாங்கிப் படைத்தார்.

நாராவுக்கு ஒரு நாள் போதுமா?

போதும். கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். பூங்காவில் ஆயிரத்துக்கு மேல் மான்கள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. அவற்றுக்கென்று விற்கும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாமதிக்காதீர்கள். தலையாட்டி வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த நொடி சட்டையைக் கடிக்கும். எங்கள் வரைபடத்தில் பாதி ஒரு மானின் வயிற்றில் இருக்கிறது.

அங்குள்ள தோதாய்ஜி விகாரையின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் சிலைக்குக் கண் திறந்தார்கள். தூரிகையைப் பிடித்துக் கண் வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, அதன் மறுபக்கத்தைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோருமே கண் திறந்ததாக ஆகட்டும் என்று. நம் ஊரில் ஸ்தபதி கடைசியாகச் செய்யும் அதே சடங்கு. மண்டபம் 1709இல் மூன்றாம் தடவையாகக் கட்டியது, அகலத்தில் பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு சிறிது. அப்படியும் உள்ளே நுழைந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஃபுஷிமி இனாரி மலையை ஏற முடியுமா?

முழுவதும் வேண்டியதில்லை. கியோட்டோவில் உள்ள ஷின்டோ தலம் இது. மலை 233 மீட்டர், சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும். கட்டணம் இல்லை, இரவிலும் திறந்திருக்கும். நாங்கள் காலை ஏழு மணிக்கே போனோம், அதுதான் இங்கே ஒரே தந்திரம். பத்து மணிக்கு மேல் திருவிழாத் தெரு. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரிகள் பெரும்பாலும் வணிகர்களும் நிறுவனங்களும் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. பெயரும் தேதியும் பின்பக்கம் இருப்பதால் ஏறும்போது வெறும் செந்நிறம், இறங்கும்போது எழுத்து. நம் ஊர்க் கோயிலில் "உபயம்" என்று ட்யூப்லைட்டில் எழுதுவதைப் பாதி மறைத்துவைத்த மாதிரி.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் "வெஜிடேரியன்" என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள். பிரச்சினை இறைச்சி இல்லை. தாஷி என்ற அடிப்படைச் சாறுதான். சூப், குழம்பு, வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாஸ் எல்லாவற்றிலும் அது இருக்கும். பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலில் செய்தது. சமைப்பவர் கண்ணுக்கு அது மீனே இல்லை, நமக்குப் பெருங்காயம் மாதிரி. முதல் வாரம் ஓர் உணவகத்தில் காய்கறி உதோன் நூடுல்ஸ் கேட்டோம். இறைச்சி கிடையாது, மீன் கிடையாது என்று தலையாட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். மாசிக் கருவாட்டு வாசனை! அவர்கள் பொய் சொல்லவில்லை, நாங்கள் தவறாகக் கேட்டோம். அன்றிரவே தங்குமிடத்தில் இருந்தவரிடம் "இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் சாப்பிடமாட்டேன், கொம்பு தாஷி சரி" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம். கொம்பு என்பது கடற்பாசி. அந்தச் சீட்டைக் காட்டியபின் இரண்டு கடையில் "முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

கியோட்டோவில் நிலைமை மாறியது. அங்கே ஷோஜின் ரியோரி என்ற விகாரைச் சமையல் இருக்கிறது. கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. தாஷி கொம்பிலும் ஷீதாக்கே காளானிலும் செய்வார்கள். அராஷியாமாவில் தென்ரியூஜி விகாரை வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற கூடத்தில் சாப்பிட்டோம். சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் எள்ளில் செய்த கோமாதோஃபு, சோயாப் பாலில் ஆடை போல எடுத்த யுபா, ஊறுகாய், சோறு. தரையில் உட்காரவேண்டும், அம்மாவின் முழங்கால்தான் முனகியது. காரமே இல்லை, பிள்ளைகளுக்கு அலுத்தது. எனக்கு மூன்றாவது கிண்ணத்தில்தான் ருசி பிடிபட்டது.

நான்ஸென்ஜி விகாரைப் பக்கம் யுதோஃபு கிடைக்கும். கொம்பு போட்ட வெந்நீரில் மிதக்கும் டோஃபு. குளிருக்கு அதைவிட இதமானது ஒன்றில்லை, ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மறுபடி அந்த மீன் இருக்கலாம், கேளுங்கள். அவசரத்துக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுற்றிய சோற்றுச் சுருள், கப்பாமாக்கி.

எங்களைக் காப்பாற்றியது கியோட்டோவில் எடுத்த சமையலறையுள்ள வீடு. ஜப்பானிய அரிசி ஒட்டும், குழம்புக்கு ஆகாது. தயிர்சாதத்துக்கு அடித்துக்கொள்ள முடியாது.

குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும் சாப்பாடு எது?

சுட்ட சர்க்கரைவள்ளி, யாகி-இமோ. பல்பொருள் அங்காடி வாசலிலேயே சூடாக இருக்கும், தோலை உரித்தால் தேன் கசியும். இனிப்பான சிவப்புப் பயறுக் கஞ்சியில் மோச்சி என்ற ஒட்டும் அரிசி உருண்டை மிதக்கும் ஸென்ஸாய், கோயில் வாசலில் நின்று குடிக்கும் இனிப்பு அரிசிப் பானமான அமஸாகே, இரண்டும் சைவம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஓதென் இருக்கிறது, மீன் உருண்டையும் முள்ளங்கியும் மணிக்கணக்காகக் கொதித்தது.

கியோட்டோவின் குளிர்கால ஊறுகாய் செம்மாய்சூகே, வட்டமாகச் சீவிய டர்னிப் கிழங்கில் போடுவது. மகள் அதற்கு அடிமையாகிவிட்டாள்.

ஜனவரி 7 அன்று ஏழு கீரை போட்ட கஞ்சி குடிப்பது வழக்கம், நானாகுசா-கயூ. புத்தாண்டு விருந்தில் களைத்த வயிற்றுக்கு ஓய்வாம். ஏழு கீரையையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அம்மா வாங்கிவந்து வீட்டில் காய்ச்சி, ஊரிலிருந்து கொண்டுபோன மாவடுவைத் தொட்டுக்கொண்டு குடித்தார்.

மோச்சி பற்றி ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு புத்தாண்டிலும் அது தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறக்கிறார்கள். வயதானவருக்கும் பிள்ளைக்கும் நகத்தளவு வெட்டிக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

ரயில் பாஸ் வாங்கலாமா?

எங்களைப் போல டோக்கியோ, கியோட்டோ மட்டும் என்றால் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. தனிச்சீட்டு ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென், 6 முதல் 11 வயதுக்குப் பாதி. புத்தாண்டு நெரிசல் நாட்களில் நோஸோமி என்ற வேகமான ஷின்கான்சென் ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். பெரிய பெட்டிகளை முதல் நாளே கூரியரில் அனுப்பிவிட்டுக் கைவீசிப் போங்கள்.

நிக்கோ?

போனோம், டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், பனி. தோஷோகு ஷின்டோ தலத்தில் இயேயாசு தெய்வமாக இருக்கிறார். கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகள் அங்கே குதிரை லாயத்துச் சுவரில் உள்ள சிற்பம். யோமெய்மோன் வாயிலில் ஐந்நூறுக்கு மேல் செதுக்கல்கள், அத்தனைக்கும் நடுவே ஒரு தூணில் மட்டும் அலங்காரத்தை வேண்டுமென்றே தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். முழுமையடைந்தது அன்றே சிதையத் தொடங்கும் என்ற பயம். திருஷ்டிப் பொட்டு, வேறென்ன. படிகள் வழுக்கும், அம்மா கீழேயே நின்றுகொண்டார்.

மறுபடி போவீர்களா?

ஈஸே போகவில்லை. சூரிய தெய்வம் அமாதெரசுவின் கோயில், 20 ஆண்டுக்கு ஒரு தடவை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே மாற்றிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். கடைசியாக 2013இல் நடந்தது, அடுத்தது 2033. விமானத்தில் இதைப் படித்துக் காட்டினேன். அம்மா விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "77தானே ஆகும்" என்றார்.